நிலத்தின்மேற் செல்லும் மின்கம்பியும் உடையவரின் உரிமையும்

பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது முதல், இடுக்கி மலைகளிற் பிறக்கும் மின்சாரம் தேயிலைச் சரிவுகளையும் ஏலத் தோட்டங்களையும் கடந்தே சமவெளியை அடைகின்றது. இடுக்கியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு 220 கிலோவோல்ட்டு மின்தொடர் செல்கின்றது. புகழூரிலிருந்து பாலக்காடு மாவட்டத்தின் வழியே திருச்சூர் செல்லும் நேர்மின் தொடர் 2021-இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய தொடர்கள் வருமிடங்களில், கம்பி வந்தால் நிலமே போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். பணம் பெற மறுத்தால் கம்பி வாராது என்று வேறு சிலர் நம்புகின்றனர். இரண்டும் சட்டத்திற்குப் பொருந்தா.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்தொடர் அமைக்கும் நிறுவனத்திற்கு வழங்க இடந்தருகின்றது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்க வகைசெய்த போதிலும், இவ்வகைத் தொடர்களைப் பொறுத்தவரை அதன் மூன்றாம் பகுதி தொடர்ந்து செல்லுமாறு விதித்துள்ளது. அப்பகுதியின் 10-ஆம் பிரிவின்படி, நிறுவனம் பெறுவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே; நிலம் உடையவருக்கே உரியது. சேதம் இயன்ற அளவு குறைவாக இருத்தல் வேண்டும். நேர்ந்த சேதத்திற்கு, நிலத்தில் உரிமைத் தொடர்புடைய அனைவருக்கும் முழு நஷ்ட ஈடு தரப்பட வேண்டும். உடையவர் தடுப்பின், மாவட்ட நடுவராகிய ஆட்சியர் அனுமதி வழங்கலாம். அதன் பின்னரும் தடுப்பது குற்றமாகும்.

கம்பியின் கீழ் மரங்களை ஏன் வெட்டுகின்றனர்? மின்சாரம் பாயும்போதும் வெயிலிலும் கம்பி சூடேறி நீண்டு தொய்கின்றது. காற்றில் பக்கவாட்டில் ஊசலாடுகின்றது. கிளை அணுகினால் இடையிலுள்ள காற்றின் காப்புத்திறன் முறிந்து மின்சாரம் பாய்ந்துவிடும். இதனாற்றான் 110 கிலோவோல்ட்டிற்கு 22 மீட்டரும், 220 கிலோவோல்ட்டிற்கு 35 மீட்டரும் வழியின் அகலமாகப் பொதுவாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளன.

இங்கே மலைநாட்டிற்குரிய ஒரு நுட்பம் உண்டு. ஏலம் நிழலில் வளரும் பயிர். நிழல் மரத்தை வெட்டினால், வெட்டப்படாத ஏலச் செடியும் வெயிலில் வாடும். மரங்களை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் இவ்விழப்பு விடுபடும். கேரள மாநில மின்சார வாரியத்தின் வழக்கொன்றில் 2007-இல் உச்ச நீதிமன்றம், நஷ்ட ஈட்டிற்கு ஒரே சூத்திரம் போதாது எனக் கண்டது. நிலத்தின் இருப்பிடம், அதன் மதிப்பு, கம்பி ஓரமாகச் செல்கின்றதா நடுவே செல்கின்றதா என்பன யாவும் கருதத்தக்கவை என்பது அதன் முடிவு. மத்திய மின் அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கோபுர அடிநிலத்திற்கு நில மதிப்பில் 200 விழுக்காடும், கம்பி வழிக்கு 30 விழுக்காடும் குறிக்கின்றன. எனினும் மாநில அரசின் உத்தரவே அந்தந்த இடத்தில் நடைமுறையாகும்.

தொகை போதாதெனக் கருதுவோர், 16-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிபதியிடம் விண்ணப்பிக்கலாம். பின்னாளில் வீடு கட்ட நேரின், கம்பியை இடமாற்றுமாறு கோர 17-ஆம் பிரிவு வழி செய்கின்றது. முன்பு நஷ்ட ஈடு பெற்றிருந்தால், மாற்றும் செலவிற் பாதி அல்லது பெற்ற தொகையிற் பாதி, இவற்றுட் குறைந்ததை உடையவர் செலுத்த வேண்டும்.

ஆயினும், வெட்டிய மரம் நீதிபதியின் முன் சாட்சி சொல்லாது. ஆதலின் வெட்டுமுன்பே மரங்களின் வகை, எண்ணிக்கை, வயது, விளைச்சல், நிழலிலுள்ள செடிகள், கம்பி செல்லும் அளவு ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் படமெடுத்து, அலுவலர் கையொப்பத்துடன் ஒரு படியை உடையவர் பெறுதல் வேண்டும். தாய்மொழி தமிழாகவும் அலுவலகக் கடிதம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள குடும்பங்கள் எல்லைப்புறத்திற் பல. கையொப்பமிடுமுன் அக்கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்லுதல், களப்பணியாளரும் ஆசிரியரும் எளிதிற் செய்யத்தக்க உதவியாகும்.