பெரிய வண்டிக்குப் பஞ்சர் ஆனால்

2024 டிசம்பர் 29ஆம் தேதி இரவு, சம்ருத்தி விரைவுச்சாலையில், வாஷிம் மாவட்டம் மாலேகாவுக்கும் வனோஜா சுங்கச்சாவடிக்கும் நடுவே ஓர் இரும்புப் பலகை விழுந்து கிடந்தது. இருட்டில் அதன்மேல் ஏறிய ஐம்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் டயர் போய் நின்றுவிட்டன. லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் ராத்திரியெல்லாம் ரோட்டோரத்தில் கிடந்தார்கள். 2025 செப்டம்பரில் அதே சாலையில், சத்ரபதி சம்பாஜிநகர் பக்கம், விரிசலை அடைப்பதற்காகப் பதித்திருந்த அலுமினிய நாசில்கள் தலைநீட்டிக்கொண்டிருந்து சில வண்டிகளின் டயரைப் பதம் பார்த்தன. பார்த்தவர்கள், யாரோ வேண்டுமென்றே ஆணி அடித்துவைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள்.

மராட்டியத்தின் புத்தம்புது 701 கிலோமீட்டர் கான்கிரீட் சாலையிலேயே இந்தக் கதி. நீங்களோ சனிக்கிழமை விடிந்தால் பெரிய எஸ்யூவியில் தாம்ஹிணி, வரந்தா, மால்ஷேஜ் என்று மலைப்பாதைகளைத் தேடிப் போகிறவர்கள்.

புனேயின் சாகன், பிம்ப்ரி பக்கம் வண்டித் தொழிலிலேயே காலம் தள்ளியவன் என்பதால், புதிதாகப் பெரிய எஸ்யூவி எடுக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பார்கள். மைலேஜ் கேட்பார்கள், சர்வீஸ் செலவு கேட்பார்கள், சன்ரூஃப் ஒழுகுமா என்றுகூடக் கேட்பார்கள். டயரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன். வண்டியின் விலை ஏற ஏற, வழியில் டயர் போனால் கிடைக்கிற உதவி குறையும். ஸ்விஃப்ட்டுக்கு மகாடிலும் மாண்காவிலும் டயர் கிடைத்துவிடும். உங்கள் வண்டிக்குப் புனேயிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரலாம். இத்தனைக்கும் மெர்சிடிஸ் சாகனில்தான் தயாராகிறது. ரேஞ்ச் ரோவரையும் 2024 முதல் புனேயிலேயே கோர்க்கிறார்கள்.

1. முதலில் பூட் தரையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே மூன்று வருஷம் வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு.

முழு அளவு ஸ்டெப்னி இருந்தால் கொடுத்துவைத்தவர். டிஃபெண்டர்காரர்கள் அதை முதுகிலேயே சுமந்துகொண்டு போகிறார்கள். பல வண்டிகளில் இருப்பது ஒல்லியான தற்காலிகச் சக்கரம். அதை மாட்டிவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. ஆடி க்யூ7, போர்ஷே கேயன் போன்றவற்றில் வருவது காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கும் மடிப்பு ஸ்டெப்னி. அதைச் சக்கர இடத்தில் மாட்டி, ஜாக்கில் வண்டி நிற்கும்போதே காற்றடித்து, அப்புறம்தான் வண்டியை இறக்க வேண்டும். கம்ப்ரசர் வேலை செய்யாவிட்டால் அந்த ஸ்டெப்னி வெறும் பாரம். பிஎம்டபிள்யூ பலவற்றில் ரன்ஃப்ளாட் டயர். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. பக்கச்சுவர் கிழியாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கும்.

ஒன்றுமே இல்லாமல், ஒரு பாட்டில் பசையும் சின்னக் கம்ப்ரசரும் மட்டும் இருக்கவும் கூடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஷோரூமில் சண்டைக்குப் போகாதீர்கள். டியூப்லெஸ் டயர், டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசே விதியைத் திருத்திவிட்டது. அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தப் பசை, டயர் தரையில் படும் பகுதியில் விழுந்த சின்ன ஓட்டைக்கு மட்டும்தான். பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள்.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு பார்க்கிங்கிலேயே, ஒரு சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டுங்கள். டிரைவரை ஏவாதீர்கள். மனைவியோ கணவரோ வண்டி ஓட்டுவார் என்றால் அவரும் கூட நிற்கட்டும்.

மெர்சிடிஸ், ஆடி போன்ற ஜெர்மன் வண்டிகளில் ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கிடையாது. சக்கரத்தைத் துளைத்துப் போகும் போல்ட்தான். அதாவது சக்கரத்தை மாட்டிவைக்க ஒன்றும் இருக்காது. டயரோடு சேர்த்து 30 கிலோவைத் தாண்டும் சக்கரத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, துளைக்குத் துளை நேராக வைத்து, போல்ட்டையும் திருக வேண்டும். இதற்காகவே பென்சில் நீளத்துக்கு ஒரு வழிகாட்டிக் கம்பியைப் பல வண்டிகளின் டூல் கிட்டில் வைத்திருப்பார்கள். முதலில் கழற்றிய போல்ட்டின் துளையில் அதைத் திருகிவிட்டால் சக்கரம் அதன்மேல் சறுக்கிக்கொண்டு வெளியே வரும், அதன்மேலேயே உள்ளே போகும். அந்தக் கம்பி எதற்கு என்று தெரியாமல் ஏதோ உதிரிப் பாகம் என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கியபிறகு திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஏர் சஸ்பென்ஷன் வண்டியை ஜாக்கில் ஏற்றும்முன் என்ன செய்யவேண்டும் என்று கையேட்டில் படித்துவிடுங்கள். சிலவற்றில் ஜாக் மோடு என்று தனியாகவே உண்டு. அதைப் போடாமல் தூக்கினால் வண்டி தானாக மட்டத்தைச் சரிசெய்யப் பார்க்கும். மாட்டும்போது நட்சத்திரம் போடுகிற மாதிரி எதிரெதிராக முறுக்குங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கு 130 முதல் 150 நியூட்டன்மீட்டர் முறுக்கு. உங்களுடையதற்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதிப்பது அளவு ஆகாது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் போனபிறகு இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள்.

3. திருட்டைத் தடுக்கும் லாக் நட் இருந்தால், அதன் சாவி எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சர்வீஸ் முடிந்து வண்டி திரும்பும் அன்றும் பாருங்கள்.

4. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். 275/45 ஆர் 21 என்றால் பக்கச்சுவரின் உயரம் 275இல் 45 சதவீதம், அதாவது 124 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனரில் வரும் 265/60 ஆர் 18க்கு அதுவே 159 மில்லிமீட்டர். குழியின் விளிம்பில் மோதும்போது டயர் நசுங்கிக்கொடுக்க அந்த 35 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் கூடுதல் இடம். தக்காணத்துப் பாறை பசால்ட். உடைந்தால் கத்தி முனையோடு உடையும். மழைக்கு அரித்துப்போன மலைச்சாலை ஓரத்தில் அந்த ஜல்லி பெயர்ந்து கிடக்கும். எதிரே பஸ் வருகிறதே என்று ஒரு சக்கரத்தைத் தாரிலிருந்து மண்ணில் இறக்குவீர்கள் பாருங்கள், பக்கச்சுவர் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். கிழிந்தால் ஒட்டும் கிடையாது, பசையும் கிடையாது.

வண்டி வாங்கும்போது சக்கர அளவைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சின்ன ரிம்மையே கேளுங்கள். ஷோரூம் பையன் முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் வருஷத்து 23ஆவது வாரத்தில் செய்தது. பெரிய வண்டிகளின் டயர்கள் பல இறக்குமதியாகி வந்தவை, அதனால் அந்தத் தேதியையும் பாருங்கள். 2020 ஜூன் 12 அன்று புதிய டயர் இறக்குமதியை அனுமதி வாங்கித்தான் செய்யவேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அதற்குப்பின் சில அளவுகளுக்குக் கடை கடையாக அலைந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நீண்ட பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே டயர்க் கடைக்குப் போன் போட்டு, உங்கள் அளவு கையிருப்பு உண்டா என்று கேட்டுவைப்பது நல்லது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் புதிது, மற்ற மூன்றும் தேய்ந்தது என்று ஓட்டினால் கியர் அமைப்புக்குச் சுமை. ஒன்று போனால் இரண்டோ நாலோ மாற்றவேண்டி வரும் என்று பணத்தையும் மனத்தையும் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

5. காற்றைக் காலையில், வண்டி கிளம்பும்முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தம் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆபத்து. சம்ருத்தி சாலையில் டயர் வெடித்து விபத்துகள் நேர்ந்தபின், 2023இல் ஆர்டிஓ ஆட்கள் நுழைவாயிலிலேயே டயரைச் சோதித்து, தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பள்ளத்தில் தெரியும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர். அந்தக் குறி வரும்வரை காத்திருந்துவிட்டு மழைக்காலத்தில் தாம்ஹிணிக்குப் போகாதீர்கள்.

6. வண்டியோடு வந்தது போதாது. இவற்றைக் கூடச் சேருங்கள்: நல்ல கம்ப்ரசர், பஞ்சர் ஒட்டும் ஊசியும் ரப்பர் பட்டைகளும், குறடு, தலையில் மாட்டும் டார்ச், தோல் கையுறை, ஜாக் அடியில் வைக்க ஒன்றரை அங்குலப் பலகை. கொங்கணத்துச் செம்மண் மழையில் ஊறியிருக்கும்போது ஜாக் உள்ளே போகுமே தவிர வண்டி மேலே வராது. மலிவுக் கம்ப்ரசர் இந்த டயரை நிரப்புவதற்குள் சூடேறி நின்றுவிடும். வீட்டில் ஒரு தடவை முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒரு பெரிய தார்ப்பாயும் வேண்டும். ஒல்லி ஸ்டெப்னியை எடுத்த பள்ளத்தில் உங்கள் அகலச் சக்கரம் அடங்காது. சேற்றோடு அது பின்சீட்டுக்குத்தான் வரும். அந்த வெள்ளைத் தோல் சீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

7. ஆணி குத்தியிருக்கிறது, காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், பிடுங்காதீர்கள். அடைப்பாக நிற்பதே அந்த ஆணிதான். காற்றடித்து, அழுத்தத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அடுத்த ஊர் போங்கள். இறங்கும் வேகம் அதிகம் என்றால் மட்டும் அங்கேயே ஒட்டுங்கள். முன்சக்கரம் என்றால் கழற்றவே வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரின் முகம் வெளியே பார்க்கும். வண்டியை ஒரு சாண், இரண்டு சாண் நகர்த்தி, ஆணி கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்படி நிறுத்தினால் போதும். பிடுங்கி, ஊசியால் துளையை முரட்டுத்தனமாகவே ராவி, பசை தடவிய பட்டையைத் திணித்து, சட்டென்று இழுங்கள். எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஊருக்கு வந்ததும் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போட்டுவிடுங்கள்.

8. நிறுத்தும் இடம் டயரைவிட முக்கியம். வளைவில் நின்றுவிட்டால், டயர் நாசமானாலும் பரவாயில்லை, நேரான இடம்வரை உருட்டிக்கொண்டு போங்கள். ரிம்முக்கு விலை உண்டுதான். சிவப்பு முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைப்பது சாஸ்திரத்துக்கு வைப்பது; ஐம்பது மீட்டராவது பின்னால், மலைப்பாதை என்றால் வளைவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் இறங்கித் தடுப்புக்கு வெளியே நிற்கட்டும். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

9. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, ஆபத்து என்றால் 112. ஆனால் தாம்ஹிணியிலும் வரந்தாவிலும் பல இடங்களில் சிக்னலே கிடையாது. கம்பெனியின் சாலை உதவி எண்ணைக் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். கிரேன்காரர் முன்பக்கத்தைக் கொக்கியில் மாட்டி இழுக்க வந்தால் விடாதீர்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, நாலும் தரையில் படாமல் பிளாட்பெட்டில்தான் போகவேண்டும்.

10. பஞ்சர் கடைக்காரரை மதியுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். ‘பங்ச்சர் காடூன் மிளேல்’ (பஞ்சர் ஒட்டித் தரப்படும்) என்று மராட்டியில் எழுதிய பலகையும் தொங்கும் பழைய டயரும்தான் அடையாளம். மராட்டிய நெடுஞ்சாலைகளில் இந்தத் தொழிலில் மலையாளிகள் பலர்; அரைகுறை மராட்டியில் திணறுவதைவிடத் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். ஒரு ஓட்டையோடு போன டயரில் நாலு ஓட்டை இருப்பதாகச் சொல்கிறவர்களும் உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு குமிழியையும் காட்டச் சொல்லுங்கள். பசை பாட்டில் ஊற்றியிருந்தால், கழற்றும்முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் மூஞ்சியில்தான் தெறிக்கும். வால்வின் உள்முனையில் அழுத்தம் காட்டும் சென்சார் இருப்பதையும் சொல்லுங்கள். கடப்பாரை அதில் பட்டால் தனிச் செலவு.

11. காப்பீட்டுத் தாளைப் புரட்டிப் பாருங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் கிழிந்தால் காசு வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் கிடைக்கும், அதுவும் பாதிதான். டயருக்கென்று தனிச் சேர்க்கை விற்கிறார்கள். இந்த விலை டயருக்கு அது வாங்கத் தக்கது. வெறும் பஞ்சர் கூலி அதில் பொதுவாக வராது. கிழிந்த இடத்தை, டயர் வண்டியில் இருக்கும்போதே, வரிசை எண்ணும் நம்பர் பிளேட்டும் தெரியப் படம் எடுங்கள். புது டயர் போட்ட கையோடு பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். சர்வேயர் வந்து பார்க்கிறவரை அது உங்கள் பார்க்கிங்கில் கிடக்கட்டும்.