சுண்ணாம்பு அடித்தால் பாதரசம் போகுமா?

"ஆலையை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று, இனி என்ன இருக்கப் போகிறது?" பழைய தொழிற்கூடத்தை வாங்கி மாற்றிக் கட்ட நினைப்பவர்களின் முதல் நம்பிக்கை இது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோபோக்கன் நகரத்துக் கட்டடம் ஒன்று இதைப் பொய்யாக்கியது. 1965 வரை அங்கே பாதரச ஆவி விளக்குகள் தயாரித்தார்கள். பிறகு வேறு தொழில் நடந்தது. 1993-ல் கலைஞர்கள் சிலர் கூட்டாக வாங்கி, வீடுகளாகவும் ஸ்டுடியோக்களாகவும் மாற்றிக் குடியேறினார்கள். விளக்கு ஆலை போய் முப்பது வருஷமான பிறகு, 1995-ல், தரைக்கு அடியில் பாதரசம் தேங்கிக் கிடப்பது தெரிந்தது. பரிசோதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களில் பெரும்பாலோரின் சிறுநீரில் பாதரசம் அளவுக்கு மீறியிருந்தது. 1996 ஜனவரியில் எல்லாரும் வெளியேற நேர்ந்தது. கட்டடத்தையும் கடைசியில் இடித்துவிட்டார்கள்.

"கெட்ட வாடை இல்லையே" என்பது அடுத்த சமாதானம். பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அதே மாநிலத்தின் பிராங்க்ளின் டவுன்ஷிப்பில், 1994-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையில் 2004-ல் குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். 2006-ல் அதை இழுத்து மூடியபோது, பரிசோதித்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரின் உடலில் பாதரசம் கூடியிருந்தது. இரண்டு வருஷம் யார் மூக்குக்கும் எட்டவில்லை!

பெருக்கித் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தால் போதுமா? பெருக்கினால் பாதரசம் இன்னும் சிறு மணிகளாகச் சிதறும். வேக்குவம் கிளீனர் போட்டாலோ, மோட்டார் சூட்டில் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். கான்கிரீட்டின் நுண்துளைகளிலும் மரப்பலகை இடுக்குகளிலும் புகுந்ததைச் சுண்ணாம்பு என்ன செய்யும்? கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

பழைய ஆலைகளின் இன்னொரு ஆபத்தான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை மட்டும் கொஞ்சம் வேறு. உடையாத ஓடு பெரிய தொந்தரவு தராது. காய்ந்த ஓட்டைச் சுத்தியலால் உடைத்தால் நுரையீரலுக்குள் போகும் இழைகள் பறக்கும். முகத்தில் கட்டிய துண்டு அவற்றைத் தடுக்காது. நனைத்து, முழு ஓடாகக் கழற்ற வேண்டும்.

"குப்பையை அள்ளிவிட்டால் வேலை முடிந்தது" என்பவர்கள் கொடைக்கானலைப் பார்க்கலாம். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980-களில் வந்து, 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை அது. பாதரசக் கழிவு சுமார் 290 டன் 2003-ல் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. பாதரசம் கலந்த மண் மட்டும் இங்கேயே நின்றது. சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று இலக்கு வைத்தார்கள். சோலைக்காட்டின் ஓரத்தில் அது போதாது என்று சூழலியல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அந்த வழக்காடலிலேயே வருஷங்கள் ஓடின.

பழைய ஷெட் வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இங்கே என்ன செய்தார்கள், எந்த ரசாயனம் புழங்கியது? காற்றையும் மண்ணையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடப்பாரையை எடுங்கள்.