தாதியர் தொழிலும் தொடர்கல்வியும்

பினாங்கு, ஜார்ஜ் டவுன் பொது மருத்துவமனைக்குச் செல்லும் தோட்ட மக்களுள் பலர், தாதியை மருத்துவரின் ஏவலாளர் என்றே எண்ணுகின்றனர். அது பொருந்தாது. தாதியர், 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுபவர்கள். மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு மேல் பட்டப்படிப்பும் உண்டு. தொழில் புரியும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தொடர்கல்வியும் வேண்டும்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? நீரிழிவுற்ற ஒருவர் பால்மரம் சீவப் போகிறார். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருப்பதால் முள் தைத்தும் வலி தெரிவதில்லை. அவருக்குக் கட்டு மாற்றிவிட்டால் மட்டும் போதாது. விரலிடுக்கைப் பார்க்க வேண்டும், காலணி கடிக்கிறதா எனக் கேட்கவும் வேண்டும். புண்ணைக் காற்றில் உலரவிடுவதே நலம் என்று முன்னர்க் கற்பித்தனர். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பார் பன்றிகளிடம் நடத்திய ஆய்விலோ, ஈரப்பதத்தோடு மூடிய புண்ணே விரைவில் ஆறிற்று. எந்தப் புண்ணுக்கு எம்முறை ஏற்றது என்பதைப் பழைய பாடக்குறிப்பு மட்டும் சொல்லிவிடாது.

அறிவோடு மனப்பான்மையும் வேண்டும். மருந்தின் அளவில் ஐயம் தோன்றினால் மருத்துவரையே திரும்பக் கேட்பது பணிவின்மை அன்று. நம் கருத்தில், அதுவே தொழிலின் உயிர்நாடி. நோயாளியும் தம் மருந்தைப் பற்றி "மிஸி"யிடம் கூச்சமின்றிக் கேட்கலாம்.

இத்தொழிலை விரும்பும் பிள்ளைகள், ஆண்பிள்ளைகளுந்தாம், எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் இப்போதே கருத்தூன்ற வேண்டும்.