அறுந்த தசைநாணும் உயிரியப் பொருள்களும்

தசையை எலும்புடன் பிணைப்பது தசைநாண். தகடு வெட்டும் எந்திரத்திலோ மரமறுக்கும் வாளிலோ கை சிக்கும்போது இது அறுபடுவதுண்டு. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால், அறுவை மருத்துவர் தைத்து இணைத்த பின்னரும் அது மெதுவாகவே ஆறுகிறது. கடின உழைப்புக்குத் திரும்பப் பொதுவாகச் சுமார் 12 வாரங்கள் ஆகும். நாட்கூலி பெறுவோருக்கு இது ஏறத்தாழ மூன்று மாத வருவாய் இழப்பாகும்.

இக்காலத்தில் இரு இடர்கள் உள்ளன. விரலை மிகுதியாக அசைத்தால் தையல் விட்டுப்போகலாம். அசைக்காமலே வைத்திருந்தால் தசைநாண் சுற்றுத் திசுக்களுடன் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமற் போகலாம். இவற்றைக் குறைக்கவே உடல் ஏற்கத்தக்க உயிரியப் பொருள்கள் ஆராயப்படுகின்றன. கொல்லாஜன் புரதத்தாலான மென்தகடு, புதுத் திசு வளர்வதற்குச் சாரம்போல் உதவுகிறது. ஹயலுரானிக் அமிலக் கூழ் ஒட்டுதலைத் தடுக்கப் பயன்படுத்தப்படுகிறது. எனினும், நோயாளிகளிடம் கண்ட பயன்கள் ஒரே சீராக இல்லை. செம்மையான தையலுக்கும் முறையான பயிற்சிக்கும் இவை துணையேயன்றி மாற்றல்ல.

விலையும் கருதத்தக்கது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிட அது மலிவாகக் கிடைத்தது. கொல்லாஜனுக்கு மூலப்பொருளான கால்நடைத் தோலும் மீன் கழிவும் நம் நாட்டில் மிகுதி. 2018 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவக் கருவிகள் விதிகள் தரத்தை ஒழுங்குபடுத்துகின்றன. தொழிலாளி எத்தனை நாள் முன்னதாக வேலைக்குத் திரும்புகிறார் என்பதே இம்முயற்சியின் பயனை அளக்கும் சரியான அளவுகோலாகும்.