பட்டியலை மூடி வையுங்கள், தறியைப் பற்றிப் பேசுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ ஐஇஎல்டிஎஸ் எழுதத் தயாராகும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஏழு வாங்கணும்னா எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும் சார்?" கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும். 'மிரியட்', 'ப்ளெதரா', 'யுபிக்விட்டஸ்' என்று ஆயிரக்கணக்கில் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ் அர்த்தம். அந்தக் கட்டைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். உங்கள் நேரத்தை அதைவிட நன்றாகச் செலவிட வழி இருக்கிறது.

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவோம். எழுத்துத் தேர்வையும் பேச்சுத் தேர்வையும் நான்கு அளவுகோல் வைத்துத் திருத்துகிறார்கள். அதில் ஒன்று சொல்வளம். கால் பங்கு மதிப்பெண் அதற்கு. சொல் எவ்வளவு பெரிது என்று அங்கே யாரும் அளப்பதில்லை. சொன்ன விஷயத்துக்கு அது பொருந்துகிறதா, வழக்கமாகச் சேர்ந்து வரும் சொல்லோடு வந்திருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லையா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகவும் சொல்ல வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அரிதான சொற்களுக்கும் மதிப்பு உண்டு, இடம் அறிந்து வந்தால்.

ஜெராக்ஸ் கட்டிலிருந்து பிறக்கும் வாக்கியம் எப்படி இருக்கும் தெரியுமா? 'எ மிரியட் ஆஃப் வீவர்ஸ் ஆர் ஃபேசிங் எ ப்ளெதரா ஆஃப் ப்ராப்ளம்ஸ் டியூ டு யுபிக்விட்டஸ் பவர்லூம்ஸ்.' இலக்கணம் ஏறக்குறைய சரிதான். ஆனால் எத்தனை நெசவாளர், என்ன பிரச்சினை என்று எதுவும் தெரியவில்லை. 'ப்ளெதரா' என்றால் தேவைக்கு மேல் குவிந்து கிடப்பது. கஷ்டத்தில் தேவையான அளவு, தேவைக்கு மேற்பட்ட அளவு என்று உண்டா? இப்போது இதைப் பாருங்கள்: 'மெனி ஹேண்ட்லூம் வீவர்ஸ் ஹேவ் லாஸ்ட் தேர் லைவ்லிஹூட் பிகாஸ் பவர்லூம்ஸ் டர்ன் அவுட் சிமிலர் சாரீஸ் அட் எ ஃப்ராக்ஷன் ஆஃப் தி காஸ்ட்.' பயமுறுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'லைவ்லிஹூட்' என்பது 'லாஸ்ட்' என்பதோடு சேர்ந்து வந்திருக்கிறது. விசைத்தறி மளமளவென்று உற்பத்தி செய்து தள்ளுவதற்கு 'டர்ன் அவுட்' கச்சிதம். 'அட் எ ஃப்ராக்ஷன் ஆஃப் தி காஸ்ட்' என்பது ஒரே மூச்சில் வரும் தொடர். மதிப்பெண் தருவது இந்தச் சேர்க்கைகள்தான்.

சரி, எத்தனை சொற்கள் வேண்டும்? ஆங்கில நாளிதழையும் நாவலையும் யார் துணையும் இல்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அதைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதே நாட்டில் ஆவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட பட்டியலில் இருப்பவை 570 குடும்பங்கள் மட்டுமே. கல்வித்துறை சார்ந்த எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அந்த 570க்குள் அடங்கிவிடுகிறது. அன்றாடம் புழங்கும் முதல் இரண்டாயிரம் சொற்கள் கைவசம் இருந்தால், அடுத்து நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் 'இதில் பாதி எனக்குத் தெரியுமே' என்பீர்கள். பார்த்தால் புரிவது வேறு, எழுதும்போது கைக்கு வருவது வேறு. 'டிக்ளைன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குறைதல் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் முன்னால் 'ஷார்ப்' வரும், 'ஸ்டெடி' வரும். எதில் குறைவு என்பதற்கு 'இன்', எவ்வளவு குறைந்தது என்பதற்கு 'பை'. வேலையை ஏற்க மறுத்தாலும் இதே 'டிக்ளைன்'. இவ்வளவும் தெரிந்தால்தான் அந்தச் சொல் உங்களுடையது. இப்படித் தெரிந்த முந்நூறு சொற்கள், அரைகுறையாகத் தெரிந்த மூவாயிரத்தைவிடக் காப்பாற்றும்.

ஆனால் சொல்லை மட்டும் தனியாகப் படித்தால் தங்காது. அது ஒட்டிக்கொள்ள ஒரு விஷயம் வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பாரம்பரியத் தொழில், இயந்திரம் வந்து கைவேலையைப் பறிப்பது, சுற்றுலா, பழங்கட்டடப் பாதுகாப்பு, போலிப் பொருள், குழந்தைத் தொழிலாளர், திருவிழாக் கூட்டம் என்று இந்தத் தேர்வில் சுற்றிச் சுற்றி வரும் தலைப்புகளை எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் உங்கள் தெருவில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் வெளியிடும் ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வு நூல்களில் ஆறாவதில் ஒரு எழுத்துக் கேள்வி உண்டு. பட்டுப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியும் பட்டுத்துணி உருவாகும் கட்டங்களும் படமாக வரையப்பட்டிருக்கும். அதை 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்து ஏன் திகைக்க வேண்டும்? விஷயம் அத்தனையும் தெரியும், ஆங்கிலச் சொல் மட்டும் இல்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குங்கள். தறி 'லூம்', பாவு 'வார்ப்', ஊடை 'வெஃப்ட்', நாடா 'ஷட்டில்', பட்டுக்கூடு 'ககூன்', சரிகை 'ஜரி'. பெயர்ச்சொல்லோடு நிற்காமல் வினைச்சொற்களுக்குப் போங்கள்: கூட்டைக் கொதிக்க வைப்பது 'பாயில்', இழையைப் பிரித்தெடுப்பது 'அன்வைண்ட்' அல்லது 'ரீல்', முறுக்கேற்றுவது 'ட்விஸ்ட்', சாயம் தோய்ப்பது 'டை', நெய்வது 'வீவ்'. செயல்முறைப் படத்துக்குச் செயப்பாட்டு வினைதான் முறை: 'தி ககூன்ஸ் ஆர் பாயில்ட்', 'தி த்ரெட் இஸ் அன்வவுண்ட்'. ஒரே ஒரு எச்சரிக்கை: படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். நம் ஊரில் நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகுதான் பாவு தோய்ப்பார்கள் என்ற தகவலை அங்கே சேர்த்தால் மதிப்பெண் கூடாது, குறையும்.

இந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளேயே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. சாயம் தோய்ப்பதற்கான 'டையிங்' என்ற சொல்லில் 'ஒய்'க்குப் பிறகு ஒரு 'இ' கட்டாயம் வர வேண்டும். அதை விட்டால் நூல் செத்துக்கொண்டிருப்பதாக அர்த்தமாகிவிடும். கணினியில் தேர்வு எழுதினாலும் பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்ட அங்கே எதுவும் கிடையாது. இரண்டாவது 'வீவ்'. இறந்த காலத்தில் 'வோவ்', மூன்றாவது வடிவம் 'வோவன்'. உச்சரிப்பிலும் அது நமக்குச் சவால்தான்: முதல் 'வ'வுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், பல் படக்கூடாது, கடைசி 'வ்'வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தமிழில் இரண்டும் ஒரே எழுத்து என்பதால் நம் காதுக்கு வித்தியாசம் பிடிபடாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள். பேச்சுத் தேர்வில் ஊர்த் தொழிலைப் பற்றிப் பேசப்போகிறவர் அந்தச் சொல்லையே தடுமாறி உச்சரிக்கக் கூடாது.

பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். உங்கள் பகுதியின் கைவினைப்பொருள் ஒன்றை விவரிக்கச் சொன்னால் பலரும் 'காஞ்சிபுரம் சில்க் சாரி இஸ் வெரி ஃபேமஸ், இட் இஸ் வெரி பியூட்டிஃபுல்' என்று தொடங்கி, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் தறி இருந்தால் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கோர்வை எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் 'இன்டர்லாக்', 'கான்ட்ராஸ்டிங் பார்டர்', 'லேபர் இன்டென்சிவ்', 'பாஸ்ட் டவுன் த்ரூ ஜெனரேஷன்ஸ்' எல்லாம் தேவைப்பட்டுத்தான் வரும். தேவைப்பட்டுத் தேடிய சொல் மறக்காது.

அங்கிருந்து கட்டுரைத் தலைப்புக்குப் போவது ஒரு எட்டுதான். காஞ்சிபுரம் பட்டு 2005–06இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பற்றி நான்கு வாக்கியம் எழுத முயன்றால் 'ஆதென்டிக்', 'கவுன்டர்ஃபீட்', 'சேஃப்கார்ட்' வந்தே தீரும். சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதற்கு 'என்ஃபோர்ஸ்', 'ரிசர்வ்', 'வயலேட்'. கூட்டுறவுச் சங்கம், இடைத்தரகர், கூலி, பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவது என ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு சொற்கள் வேண்டியிருக்கும். அவற்றைத் தேடி எழுதி வையுங்கள்.

கோயில்களும் அப்படியே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டுவித்த கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனது. காற்றும் மழையும் அரித்த சிற்பங்களையும், பிற்காலத்தில் சுதை பூசிச் செப்பனிட்ட இடங்களையும் நேரில் பார்த்துவிட்டு 'இரோட்', 'வெதர்ட்', 'ரெஸ்டோர்' ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். மன்னன் கட்டுவித்தான் என்பதற்கு ஆங்கிலத்தில் 'கமிஷன்ட்' என்ற நல்ல வினைச்சொல் உண்டு. நாம் தரகுப் பணத்துக்கு மட்டுமே வைத்திருக்கும் சொல் அது. 2019 ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் வைபவம் நடந்ததே, அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். 'இன்ஃப்ளக்ஸ் ஆஃப் பில்க்ரிம்ஸ்', 'புட் எ ஸ்ட்ரெயின் ஆன்', 'மேக்ஷிஃப்ட்', 'ஓவர்வெல்ம்ட்' போன்றவை பொருளோடு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

நெசவாளர் குடும்பத்தில், இதே காஞ்சிபுரத்தில், 1909இல் பிறந்தவர் அண்ணா. 1962இல் மாநிலங்களவைக்குப் போனவர், 1968இல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடியவர், 'ஹோம்லேண்ட்' என்ற ஆங்கில இதழை நடத்தியவர். ஓயாத வாசிப்பு அவருக்கு மொழியைக் கொடுத்தது; சொல்ல வேண்டிய விஷயம் நெஞ்சு நிறைய இருந்தது. தமிழ்வழியில் படித்தோமே என்று தயங்கும் பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன். புதுச் சொல்லின் பொருளைத் தமிழில் எழுதிக்கொள்வதும் தவறில்லை. பொருள் மனதில் சட்டென்று பதிய அது நல்ல வழி. ஆனால் அதோடு நிறுத்தாமல், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த ஆக்ஸ்ஃபோர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியைத் திறந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். சேர்க்கை அங்கேதான் தெரியும்.

நோட்டுப் புத்தகம் இப்படி இருக்கட்டும். தலைப்புக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு சொல்லோடும் அதன் கூட்டாளிச் சொற்கள், கூடவே நீங்களே எழுதிய ஒரு வாக்கியம்; அந்த வாக்கியத்தில் உங்கள் வீடோ தெருவோ ஊரோ இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு அதே சொல்லைத் திரும்பச் சந்தியுங்கள். சொல்லை மூடிவிட்டு, பொருளை மட்டும் பார்த்து வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சும்மா கண்ணால் மேய்வது திரும்பப் படித்ததாகாது. ஆன்கி என்ற செயலி இந்த நாள்கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம்.

புதிதாகச் சேர்ப்பதோடு, பழையதில் சிலவற்றைக் களையவும் வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' கூடாது. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை. 'எக்யூப்மென்ட்', 'இன்ஃபர்மேஷன்' இரண்டுக்கும் கடைசியில் 'எஸ்' கிடையாது. கல்லூரி முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்றால் வெளிநாட்டுத் தேர்வாளருக்கு நீங்கள் மயங்கி விழுந்ததாகப் படும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள்.

நர்சிங் முடித்துப் பிரிட்டன் போக நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்குள்ள செவிலியர் மன்றம் ஐஇஎல்டிஎஸ்ஸில் படித்தல், கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வையும் ஏற்கிறது. ஓஇடியின் பேச்சுத் தேர்வில் நீங்கள் செவிலியர், எதிரே இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். அங்கே கடினமான சொல் காலை வாரிவிடும். 'ஹைப்பர்டென்ஷன்' என்று படித்ததை 'ஹை பிளட் பிரஷர்' என்று இறக்கிச் சொல்லத் தெரிவதுதான் அங்கே சொல்வளம். ஒவ்வொரு மருத்துவச் சொல்லுக்கும் பக்கத்தில் நோயாளிக்குப் புரியும் சொல்லையும் எழுதிப் படியுங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதுச் சொல் எதையும் தொடாதீர்கள். நோட்டில் இருக்கும் தலைப்பு ஒன்றை எடுத்து, போனில் பதிவு செய்தபடி இரண்டு நிமிடம் பேசுங்கள். பிறகு கேட்டுப் பார்த்து, எந்த இடத்தில் 'வெரி குட்', 'திங்ஸ்', 'லாட் ஆஃப்' என்று ஒப்பேற்றினீர்களோ அங்கே நோட்டில் இருந்த எந்தச் சொல் வந்திருக்கலாம் என்று குறித்துவிட்டு, அதே தலைப்பை மறுபடி பேசுங்கள்.