இலையைத் தின்னாத மர நத்தை

நாற்றுகளை ஒரே இரவில் மொட்டையாக்கும் ஆப்பிரிக்க இராட்சத நத்தையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் எல்லா நத்தைகளும் பயிரின் பகைவர் அல்ல. பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் மர நத்தை இதற்குச் சான்றாகும்.

வாழிடமும் உணவும்

அக்காட்டினெல்லா எனப்படும் இந்நத்தைகள் ஓவாகூ என்னும் தீவில் மட்டுமே உள்ளவை. ஓடு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுடையது, மஞ்சள், பழுப்பு, பச்சை எனப் பல நிறங்களில் அழகாக இருக்கும். ஈரமிக்க மலைக்காடுகளில், நமது நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஓஹியா முதலிய மரங்களில் இவை வாழ்கின்றன. பகலில் இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும். இரவில் இலையின் மேல் படர்ந்துள்ள பூஞ்சாணத்தைச் சுரண்டித் தின்னும். இலைக்குச் சேதம் இல்லை. பல நத்தைகள் வாழ்நாள் முழுவதையும் ஒரே மரத்தில் கழித்துவிடும்.

இனப்பெருக்கம்

இராட்சத நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடியது, ஓராண்டுக்குள் பருவமடையும். மர நத்தையோ முட்டையிடாமல் ஒரு தடவைக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும். பருவமடையச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே எண்ணிக்கை குறைந்தால் மீண்டும் பெருகுவது அரிது.

அழிவு வந்த வழி

காடழிப்பு, எலிகள், ஓடு சேகரிப்போர் ஆகியவற்றால் இவை முன்பே குறைந்து வந்தன. 1936-இல் ஹவாய்க்குள் நுழைந்த இராட்சத நத்தையை ஒழிக்க, 1955-இல் யூக்லாண்டினா என்னும் ஊனுண்ணி நத்தை கொண்டுவந்து விடப்பட்டது. அது இராட்சத நத்தையை எதிர்பார்த்தபடி கட்டுப்படுத்தவில்லை. மாறாக, பிற நத்தைகளின் சளித்தடத்தைப் பின்பற்றி மரமேறி, மர நத்தைகளைத் தின்றது. இவற்றின் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1981-இல் இவை அனைத்தும் அமெரிக்க அரசின் அழிவுறும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஓர் இனத்தின் கடைசி நத்தை, பேணி வளர்க்கப்பட்ட கூடத்தில் 2019 சனவரி 1 அன்று இறந்தது. எஞ்சியவற்றைக் காக்க, எலியும் ஊனுண்ணி நத்தையும் புகாத வேலிகள் காட்டில் அமைக்கப்பட்டுள்ளன.

நாம் செய்ய வேண்டியது

இயற்கை எதிரிகளைக் கொண்டு பூச்சிகளை அடக்குவது நல்ல முறையே. எனினும், விடப்படும் எதிரி வேறு எதையெல்லாம் தின்னும் என்பதை ஆராய்ந்த பின்னரே விடவேண்டும். பிறர் சொல்கேட்டு வெளியிடத்து உயிரினம் எதையும் நிலத்தில் விடாதீர்கள். இராட்சத நத்தைக்கு, மாலையில் ஈரச் சாக்குகளைப் பரப்பி அடியில் பப்பாளி இலைகளை வையுங்கள். காலையில் அங்கு ஒதுங்கியிருப்பவற்றைக் கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசலில் இட்டு அழியுங்கள். மரத்தில் வேறு நத்தையைக் கண்டால், அது இலையைக் கடித்துள்ளதா என்று முதலில் பாருங்கள். கடிக்கவில்லையெனில் அதை விட்டுவிடுங்கள்.