வலையொலிக்கும் நேரலைப் பேச்சரங்கிற்கும் ஒலிக்கருவி தேர்தல்

எழுத்தொலிகளின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியர், பிறப்பியல் என்னும் ஓர் இயலையே அதற்கெனத் தனியே வகுத்தார். உந்தியினின்று எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாய்ப் புறப்படும் என்பது அவ்வியலின் கருத்தாகும். ஒலி புறப்படும் இடத்தை இத்துணை நுணுகிக் கண்ட மொழியினராகிய நாம், அவ்வொலி சென்று சேரும் வழியைப் பற்றி அத்துணை கவலை கொள்வதில்லை. பேசுவோரும் கேட்போரும் ஒரே பந்தலில் அமர்ந்திருந்த நாளில் அக்குறை பெரிதாய்த் தோன்றவில்லை. இன்றோ பேசுவோர் பேகம்பூரில் இருக்கிறார். கேட்போர் துபாயிலும் கோலாலம்பூரிலும் இருக்கின்றனர். இருவருக்கும் இடையே நிற்பது ஒரு செல்பேசியும் ஒரு மைக்குமேயாம்.

2021 மே 21 அன்று கிளப்ஹவுஸ் என்னும் செயலி ஆண்ட்ராய்டு செல்பேசிகளுக்கு இந்தியாவில் கிடைத்தது. அடுத்த மூன்றாம் நாள், கொரோனா இரண்டாம் அலையை முன்னிட்டுத் தமிழகத்தில் தளர்வற்ற முழு ஊரடங்கு தொடங்கிற்று. வெளியே செல்ல இயலாதோர் இரவெல்லாம் அதன் அரங்குகளில் கூடிக் கவிதையும் அரசியலும் மார்க்கமும் பேசினர். 2023-இல் அச்செயலி தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. எனினும், டுவிட்டராக இருந்து எக்ஸ் எனப் பெயர் மாறிய தளத்தின் ஸ்பேசஸ் அரங்குகளிலும் பிறவற்றிலும் அப்பழக்கம் தொடர்கின்றது. பதிவுசெய்து திருத்தி வெளியிடப்படும் வலையொலியாகிய பாட்காஸ்ட் இதற்கு மூத்தது. அச்சொல்லே 2004-இல் இங்கிலாந்து இதழாளர் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றில் தோன்றியதாகும்.

இப்பொருள் தமிழ்த்துறை மலருக்கு உரியதுதானா என ஐயுறுவோர் இருக்கலாம். உரியதே என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருவர், தம் பாட்டியார் மனப்பாடமாய் ஓதிய முனாஜாத்து ஒன்றைச் செல்பேசியில் பதிந்து, ஏட்டில் எழுதுவதற்காகக் கொணர்ந்தார். செல்பேசியைக் கூடத்து மேசைமேல் வைத்து, மின்விசிறியின் கீழ், பாட்டியார் ஆறடி தள்ளி அமர்ந்து ஓதியது அப்பதிவு. நாங்கள் மூவர் அமர்ந்து பன்முறை கேட்டும், பல இடங்களில் ளகரமோ ழகரமோ எனத் துணிய இயலவில்லை. இரண்டடிகள் முற்றுமே பிடிபடவில்லை. மீண்டும் கேட்டுத் தெளியலாம் எனின், பாட்டியார் அதற்குள் மறைந்துவிட்டார். அச்சில் வாராத முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் நம் மூத்தோர் சிலரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றைப் பதிவதற்குரிய கருவியறிவு பாடவேறுபாடு ஆராய்வார்க்கு வேண்டிய அறிவேயாகும்.

அறையும் அண்மையும்

திண்டுக்கல் பூட்டுக் கடையில் பூட்டு வேண்டும் என்று கேட்டால், எந்தக் கதவுக்கு என்பதே முதல் வினாவாய் வரும். மைக் வாங்குவோரும் எந்த அறைக்கு என்று முதலிற் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். நம் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் கூரையும், பளபளக்கும் தரையும், வெற்றுச் சுவரும் உடையன. வாயினின்று புறப்பட்ட ஒலி இவற்றில் மோதி மோதித் திரும்பி, பின்வரும் எழுத்தின்மேல் முன் எழுத்தின் நிழலை விழச் செய்கின்றது. லகர ளகர ழகர வேறுபாடு நுட்பமானது. ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்சு வரையுள்ள பகுதியில் அதன் அடையாளம் பெரிதும் அடங்கியிருக்கிறது. எதிரொலி அவ்வடையாளத்தைக் கலைத்துவிடுகின்றது. விலையுயர்ந்த மைக் இதனைத் தீர்க்காது. எதிரொலியையும் அது உண்மையோடு பதிந்து தரும். தரையில் ஜமுக்காளம், சுவரோரம் மெத்தை, திறந்து வைத்த துணி அலமாரி ஆகிய மூன்றும் செலவின்றிச் செய்யும் நன்மை பெரிது.

அடுத்தது அண்மை. பேசுவோருக்கும் மைக்குக்கும் இடையேயுள்ள தொலைவு 30 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ. ஆகக் குறைந்தால், மைக்கை அடையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயர்கிறது. அறையின் இரைச்சலோ இருந்தபடியே இருக்கிறது. ஆறடி தொலைவில் வைத்த நல்ல மைக்கைவிட ஒரு சாண் தொலைவில் வைத்த எளிய மைக் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. நேர் எதிரே வையாது சற்றே பக்கவாட்டில் வைப்பின், பகர ஒலியின்போது வெடித்தெழும் காற்று மைக்கைத் தாக்காது.

மைக்கின் வகை

மைக்குகளை டைனமிக் எனவும் கண்டென்சர் எனவும் இருபாலாகப் பகுக்கலாம். காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் இயங்குவது முன்னது. நம் ஊர் மீலாது மேடைகளில் கையில் பிடித்துப் பேசப்படுவன பெரும்பாலும் இவ்வகையினவே. 1966-இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் ஷ்யூர் எஸ்எம்58 இதற்குத் தக்க சான்று. பின்னது மின்சாரத்தின் துணையை வேண்டுவது. பெரிய வகைகளுக்கு 48 வோல்ட் தேவைப்படும். நுண்ணொலியையும் வாங்கும் ஆற்றல் உடையது. அவ்வாற்றலால், தொலைவில் அமர்ந்தும் பேசலாம் என்னும் துணிவை அது நமக்குத் தருகிறது. கேடு விளைவது அத்துணிவினாலேயே. அமைதிப்படுத்திய அறை உடையோர் கண்டென்சரை நாடலாம். பழனி சாலைப் பேருந்தின் ஒலிப்பானும் சின்னாளபட்டித் தறியோசையும் சன்னல் வழியே வரும் வீட்டினர், வாயருகே வைத்துப் பேசும் டைனமிக் மைக்கையே கொள்க.

இளைஞர் பலர் வெளிநாட்டு வலையொலிக் காணொளிகளில் காணும் ஷ்யூர் எஸ்எம்7பி மைக்கின்மீது ஆசை கொள்கின்றனர். முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட அக்கருவி மிகத் தாழ்ந்த மின்குறியே தருவது. அதனை உயர்த்த ஏறத்தாழ 60 டெசிபல் பெருக்கம் வேண்டும். மலிவான இடைமுகப் பெட்டியோடு இணைப்பின் சீற்றொலியே மிஞ்சும். ஜமாஅத் அலமாரியில் உறங்கும் மேடை மைக் ஒன்றை இரவல் பெற்று, யுஎஸ்பி இடைமுகம் ஒன்றை மட்டும் வாங்கிக் கணினியோடு இணைப்பது அறிவுடைமை என்பேன். இடைமுகமும் வேண்டாதோர்க்கு, நேரே யுஎஸ்பி வழி இணையும் சாம்சன் க்யூ2யூ போன்ற டைனமிக் மைக்குகள் உள.

மூத்தோரைப் பதிவதற்கு மட்டும் நான் சட்டையில் பொருத்தும் சிறு மைக்கையே பரிந்துரைப்பேன். முகத்தெதிரே மைக்கை நிறுத்தினால் அவர்கள் நாணி ஓதுதலை நிறுத்திவிடுவர். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் போயா பிஒய்-எம்1 போன்றவை 6 மீட்டர் கம்பியோடு வருவன. இவை எல்லாத் திசையொலியையும் வாங்குவன ஆதலின், மோவாய்க்கு ஒரு சாண் கீழே, முந்தானை உராயாதவாறு பொருத்துதல் இன்றியமையாதது. செல்பேசிக்கென ஒரு நிலையும் கேமராவுக்கென ஒரு நிலையும் அதன் பொத்தானில் உண்டு. தவறான நிலையில் விட்டுப் பதிவை இழந்தோர் பலர்.

கம்பியின் தேவை

நேரலை அரங்குகளில் நாம் செய்யும் பெரும்பிழை புளூடூத் காதொலிப்பானை நம்புதலாகும். பாட்டுக் கேட்கையில் இனிதாய் ஒலிக்கும் அதே கருவி, அதன் மைக்கைப் பேச்சுக்குப் பயன்படுத்தத் தொடங்கியவுடன் பெரும்பாலும் தொலைபேசி முறைக்கு மாறிவிடுகிறது. பழைய முறையில் நொடிக்கு 8000 மாதிரிகளே எடுக்கப்படும். எனவே 4000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் கடந்து செல்லாது. புதிய முறையில் அது 16000 மாதிரிகளாகப் பெருகினும் முழுமையன்று. ழகரம் இவ்விடுக்கில் ஒருவாறு பிழைத்துவிடும். ஸகர ஃபகரங்களாகிய உரசொலிகளின் உயிர்நிலையோ பெரும்பாலும் 4000-க்கு மேலேயே உள்ளது. திருமறை வசனத்தை ஓதி விளக்கம் கூறும் ஆலிம் ஒருவரின் ஃபேயும் ஸீனும் கேட்போர் செவியில் வேறுபாடின்றி விழுமாயின், பிழை அவர் ஓதுதலில் இல்லை.

கொடைக்கானல் மலைமீதிருந்து ஒலிபரப்பாகும் பண்பலையைக் கேட்டு வளர்ந்த திண்டுக்கல் சமவெளிச் செவிகள் இக்குறையை எளிதில் உணரும். பண்பலை 15000 ஹெர்ட்சு வரை சுமந்து வருவது அன்றோ! ஆகவே நேரலையில் கம்பியுடைய காதொலிப்பானே கொள்ளத்தக்கது. காதொலிப்பான் இன்றிச் செல்பேசியின் ஒலிபெருக்கியைத் திறந்துவைப்போரால், பிறர் பேசும் பேச்சு அவர்க்கே எதிரொலியாய்த் திரும்பி அரங்கு முழுவதும் இடர்ப்படும். தம் முறை வாராதபோது மைக்கை அடைத்துவைப்பது சபை நாகரிகம்.

வலையொலிக்கு வேறொரு நெறி உண்டு. ஒலியளவு காட்டும் பட்டை உச்சத்தைத் தொடலாகாது. கழித்தல் 12 டெசிபல் அளவில் நின்றால் நன்று. மெலிந்த பதிவை உயர்த்தலாம். உச்சியில் வெட்டுண்ட பதிவைச் செப்பனிடுதல் அரிது. மூலப்பதிவை வேவ் வடிவில் வைத்தல் வேண்டும். ஒற்றைத்தடப் பதிவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மெகாபைட் ஆகும்; வெளியிடுதற்கு மட்டும் எம்பி3 ஆகச் சுருக்கிக்கொள்ளலாம்.

மின்விசிறியை நிறுத்தினால் நம் கோடையில் மூத்தோர் அமர இயலாதே என்பர். பஜ்ர் தொழுகைக்குப் பிந்திய ஒரு மணி நேரமே இதற்கு ஏற்றது. விசிறி வேண்டாத குளிர்ச்சி அப்போது உண்டு. சாலையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மூத்தோரின் குரலும் களைப்பின்றி இருக்கும். ஓதத் தொடங்குமுன், ஓதுபவரின் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிந்துகொள்க. கோப்பின் பெயர் மாறினாலும் தொலைந்தாலும் அக்குறிப்புகள் குரலோடு நிற்கும்.